கம்பியில் தேங்கும் காலம்

சேர்வராயன் மலையின் மேற்பரப்பிலும், நாமக்கல்லுக்குக் கிழக்கே நிமிர்ந்து நிற்கும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட் கல்லை லாரி லாரியாக மலையிறக்கி, 1965-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மதராஸ் அலுமினியம் கம்பெனியின் ஆலையில் சேர்த்து, அங்கே ரசாயன முறையால் அதை வெண்பொடியாக்கி, அந்தப் பொடியை உருகிய உப்பில் கரைத்துப் பிரசண்டமான மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுத்த அலுமினியம், நடுவில் சில ஆண்டுகள் ஆலை நின்றுபோன காலத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 2008-இல் உருக்கும் வேலை நிறுத்தப்படும் வரையில் சேலம் சமவெளிக்குப் பேர் தேடித் தந்த உலோகமாக விளங்கிற்று. மேட்டூரில் இந்த ஆலை ஓடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், பூமியின் மறுகோடியில், இதே அலுமினியம் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாகப் படிந்து, மனிதன் செய்த யந்திரங்களிலெல்லாம் மிக நுட்பமான யந்திரத்துக்கு நரம்புகளாய் அமைந்துகொண்டிருந்தது. மேட்டூர்ச் சரக்கே அங்கே போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. சில்லுக்கு வேண்டிய அலுமினியம் லட்சத்தில் ஒரு பங்கு கலப்பைக்கூடச் சகிக்காது, மேட்டூரில் வார்த்ததோ வணிகத் தரமானது. ஆயினும் உலோகத்தின் குணம் ஒன்றே. அந்தக் குணத்தின் நிறைகுறைகளே கடந்த அரை நூற்றாண்டாகக் கணிப்பொறியின் வேகத்தை நிர்ணயித்து வந்திருக்கின்றன என்பதால், உலோகத்தோடு பழகிய இந்தப் பிரதேசத்து வாசகர்களுக்கு அந்த வரலாற்றைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லலாமென்று தோன்றுகிறது.

1958-இல் ஜாக் கில்பி என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரே துண்டில் பல மின்னணு உறுப்புகளைச் செய்து காட்டியபோது, அவ்வுறுப்புகளை இணைப்பதற்கு மெல்லிய தங்கக் கம்பிகளைக் கையாலேயே வளைத்து ஒட்டவேண்டியிருந்தது. பத்து உறுப்புகளுக்கு அது சாத்தியம், பத்தாயிரத்துக்கு அசாத்தியம். அடுத்த ஆண்டு ராபர்ட் நாய்ஸ், சிலிக்கன் பரப்பின்மேல் ஆக்ஸைடு என்னும் கண்ணாடிப் படலத்தை வளரவிட்டு, அதன்மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்து, வேண்டாத பகுதியை அரித்தெடுத்துவிட்டால், மிஞ்சியிருக்கும் கோடுகளே கம்பிகளாகும் என்ற யோசனையைக் கண்டார். கம்பியை ஒட்டும் வேலையே ஒழிந்தது. கம்பிகள் அச்சாகத் தொடங்கின. சில்லு என்று நாம் இன்று சொல்வதை உண்மையில் சாத்தியமாக்கியது டிரான்சிஸ்டர் மட்டுமன்று, இந்த அச்சுக் கம்பியும்தான். ஆனால் புகழ் முழுவதும் டிரான்சிஸ்டருக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தக் கம்பி ஆரம்பத்தில் எவருக்கும் தொந்தரவு தரவில்லை. டிரான்சிஸ்டர் மந்தமாக இருந்தது. கம்பி அதற்கு ஈடுகொடுத்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் வேகம் கூடுகிறது. கம்பிக்கோ நேர்மாறான விதி. இந்த முரண்பாட்டை எண்களோடு முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், பிலானியில் பொறியியல் பயின்று ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான கிருஷ்ண சரஸ்வத் என்ற இந்தியர். அவரும் ஃபரோக் முகமதி என்பவரும் 1982-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, உறுப்புகளைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சில்லின் தாமதத்தைக் கம்பிகளே தீர்மானிக்கும் என்று காட்டியது.

கடைமடையின் கணக்கு

கம்பியில் தாமதம் ஏன் உண்டாகிறது? மின்சாரம் ஒளியின் வேகத்தில் பாய்வதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இக்கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் ஓடும் ராஜ வாய்க்காலில் மதகைத் திறந்த கணத்திலேயே கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டிவிடுவதில்லை என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். வறண்டு கிடந்த வாய்க்கால் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும்; குறுகலான இடத்தில் நீரின் வேகம் தடைப்படும்; நிரப்பவேண்டிய கொள்ளளவும், நீரைத் தடுக்கும் ஒடுக்கமும் சேர்ந்தே கடைமடைக்காரர் காத்திருக்கும் நேரத்தை நிர்ணயிக்கின்றன. கம்பியிலும் அவ்வாறே. அதன் உலோகத்துக்கு மின்தடை உண்டு. பக்கத்துக் கம்பிகளுக்கும் அதற்கும் நடுவிலுள்ள காப்புப் பொருள் மின்னேற்றத்தை ஏற்றுத் தேக்கிக்கொள்கிறது. மறுமுனையில் ‘ஒன்று’ என்னும் சமிக்ஞை தெரியவேண்டுமானால் கம்பி முழுவதும் மின்னேற்றத்தால் நிரம்பியாகவேண்டும்.

நீளத்தை இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கிறது, நிரப்பவேண்டிய அளவும் இரட்டிக்கிறது. ஆகவே தாமதம் நான்கு மடங்காகிறது. இந்த வர்க்க விதியைச் சில்லுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அட்லாண்டிக் கடலடித் தந்தியைப் பற்றிய ஆலோசனைகள் நடந்துகொண்டிருந்த 1854-55-இலேயே, பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் இதைக் கணித்துச் சொன்னார். அதை ஏற்க மறுத்த வைட்ஹவுஸ் என்ற நிபுணர், 1858-இல் போட்ட கேபிளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செலுத்தியது அக்கேபிள் சில வாரங்களுக்குள் மௌனமாகிப் போனதற்கு ஒரு காரணமாயிற்று. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி சென்றபோது அதிலும் இதே விதிதான் ஆட்சி செய்தது. ஆயிரம் மைல் கேபிளுக்குப் பொருந்திய சமன்பாடு, நகத்தளவு சில்லுக்குள் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய கம்பிக்கும் பொருந்துகிறது என்பது இயற்பியலின் பேரழகுகளில் ஒன்று.

கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். 100 நானோமீட்டர் அகலமும் 200 நானோமீட்டர் உயரமும் உள்ள செம்புக் கம்பி ஒரு மில்லிமீட்டர் ஓடினால் அதன் மின்தடை சுமார் 1,000 ஓம்; மின்னேற்றத்தைத் தேக்கும் திறன் ஒரு பிக்கோஃபாரடில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் பெருக்கி, தடையும் தேக்கமும் கம்பி நெடுகப் பரவியிருப்பதற்கான விதிப்படி குறைத்தால் கிடைக்கும் தாமதம் ஏறத்தாழ 75 பிக்கோநொடி. இதே தூரத்தை அந்தக் கண்ணாடிப் படலத்துக்குள் ஒளி கடக்க 7 பிக்கோநொடி போதும். இனிக் கம்பி பத்து மில்லிமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். தாமதம் நூறு மடங்காகி 7,500 பிக்கோநொடியாகிறது. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லின் கடிகாரம் அந்த நேரத்துக்குள் இருபது தடவைக்கு மேல் துடித்துவிடும். கூட்டலைச் செய்து முடிக்க ஒரு துடிப்பு, விடையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருபது துடிப்பு என்றால், யந்திரத்தின் காலம் எங்கே வீணாகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் 4 சில்லில் இருபது படிகள் கொண்ட வேலை வரிசையில் இரண்டு படிகள் சமிக்ஞையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டன. அவ்விரு படிகளிலும் கணக்கு வேலை ஏதும் நடக்கவில்லை. கம்பிக்குச் செலுத்திய பகிரங்கமான கப்பம் அது.

வெள்ளி ஏன் ஆகாது?

உலோகத்தை மாற்றினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. அலுமினியத்தின் தன்தடை 2.65 மைக்ரோஓம்-சென்டிமீட்டர், செம்பினுடையது 1.68. அலுமினியத்துக்கு வேறொரு நோயும் இருந்தது. மெல்லிய இழையில் பெருமின்னோட்டம் இடைவிடாது பாய்ந்தால், எலெக்ட்ரான்கள் மோதித் தள்ளுவதால் அணுக்களே மெல்லமெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் பள்ளமும் வேறிடத்தில் மேடுமாகிக் கம்பி அறுந்துவிடும். மோட்டரோலாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1969-இல் இதற்குச் சூத்திரம் கண்டார். அலுமினியத்தில் சிறிது செம்பைக் கலந்து ஐபிஎம் நிபுணர்கள் இதற்குத் தற்காலிகச் சிகிச்சை செய்தார்கள்.

அப்படியானால் முழுவதும் செம்பாகவே ஏன் போடக்கூடாது என்பதற்கு இரண்டு பிரதிகூலங்கள் இருந்தன. செம்பு சிலிக்கனுக்கு விஷம்: அணுவணுவாக ஊடுருவி டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். அன்றியும், அலுமினியத்தை வாயுவால் அரித்துக் கோடாக்குவதுபோல் செம்பை அரிக்க முடியாது. ஐபிஎம் ஸ்தாபனத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் முடிவில் செய்முறையே தலைகீழாக மாறியது. முதலில் காப்புப் படலத்தில் கால்வாய்போல் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் உள்சுவருக்கு டான்டலம் உறையிட்டு, செம்பு உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்முலாம் பூசும் முறையால் பள்ளத்தை அடியிலிருந்து நிரப்பி, மேலே வழிந்த செம்பை நுண்துகள் கலந்த திரவத்தால் தேய்த்து மட்டமாக்கிவிட்டால் பள்ளத்துக்குள் மட்டும் செம்பு மிஞ்சும். அதன்மேல் அடுத்த மாடியைக் கட்டலாம். 1997 செப்டம்பரில் ஐபிஎம் இதைப் பகிரங்கப்படுத்தியபோது தொழில்துறையே திடுக்கிட்டது. மறு ஆண்டே செம்புக் கம்பிகளோடு சில்லுகள் விற்பனைக்கு வந்தன. 2001-இல் 130 நானோமீட்டர் தலைமுறையில் இன்டெலும் செம்புக்கு மாறியது.

இங்கே சேலத்துக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: செம்பைவிட வெள்ளி உசத்தியாயிற்றே, அதை ஏன் போடவில்லை? செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வெள்ளியை உருக்கி, கட்டியாக்கி, கம்பியாக இழுத்து, வளையமாக்கிப் பற்றவைக்கிற கைகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. வெள்ளியின் தன்தடை 1.59, உலோகங்களிலெல்லாம் மிகக் குறைவு. ஆனால் செம்பைவிட அது வெறும் ஐந்து சதவிகிதந்தான் மேல். காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கொலுசு கறுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மெல்லிய படலமாக்கிச் சூடேற்றினால் வெள்ளி சொட்டுச்சொட்டாகத் திரண்டுகொள்ளும். கண்ணாடிப் படலத்தில் சரியாக ஒட்டாது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் ஒரு கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்குப் புல்லாக முளைத்துக் குறுக்கே பாய்ந்துவிடும். ஐந்து சதவிகித லாபத்துக்காக இத்தனை உபத்திரவத்தை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள்.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அதுவும் கம்பி இழுக்கும் பட்டறையிலேயே பாதி விளங்கிவிடும். வெள்ளிக் கம்பியைப் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு வரிசையாக இழுத்து அதன் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடை வெள்ளி நான்கு மடங்கு நீளமாகிறது. குறுக்குப் பரப்பு கால்வாசியாகிறது. ஆக இரு முனைகளுக்கிடையே மின்தடை பதினாறு மடங்காகிறது. பட்டறைக் கம்பிக்கு இத்துடன் கணக்கு தீர்ந்தது. சில்லுக் கம்பிக்குத் தீரவில்லை. செம்புக்குள் ஓர் எலெக்ட்ரான் எதிலும் மோதாமல் சராசரியாக 40 நானோமீட்டர் தூரம் ஓடும்; வெள்ளிக்குள் 50-ஐ ஒட்டிய தூரம். கம்பியின் அகலமே 20 நானோமீட்டருக்குச் சுருங்கிவிட்டால், ஓடுவதற்கு இடமின்றி எலெக்ட்ரான் பக்கச் சுவர்களில் முட்டிமுட்டிச் சிதறுகிறது. ஏட்டிலுள்ள தன்தடை ஏட்டிலேயே நின்றுவிட, உண்மைத் தடை பன்மடங்கு உயர்கிறது. தாராளமாக ஓடவிடும் உலோகமே குறுகிய இடத்தில் அதிகம் நஷ்டப்படுகிறது என்பதால், வெள்ளியின் பெருமையே இங்கே அதற்குப் பகையாகிறது. எலெக்ட்ரான் பத்து நானோமீட்டருக்குள்ளாகவே மோதிவிடுகிற ருத்தேனியம் போன்ற, மின்கம்பிக்கென்று வேறிடத்தில் யாரும் நினைக்காத உலோகங்களுக்கு இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் மவுசு வந்திருப்பது இதனால்தான். இன்டெல் தன் 10 நானோமீட்டர் தலைமுறையில் அடிமட்டத்து இரண்டு அடுக்குகளுக்குக் கோபால்ட்டைப் போட்டுப் பார்த்தது. பின்னர் செம்புக்கே கோபால்ட் உறையிடும் வழிக்குத் திரும்பியது. உலோகத்தை மாற்றிப் பெறக்கூடிய பெரிய அனுகூலம் 1997-இல் கிடைத்ததோடு முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இனிக் கிடைப்பதெல்லாம் சில்லறை.

காப்புப் பொருளிலும் இதே கதைதான். மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையைக் காட்டும் மின்காப்பு எண் பழைய ஆக்ஸைடுக்கு ஏறத்தாழ 4. கரி கலந்து நுண்துளைகளுள்ளதாக்கி அதை 3-க்கும் அதற்குக் கீழேயும் இறக்கினார்கள். ஒன்றுமில்லாத வெற்றிடத்துக்கு எண் 1. ஆகவே கம்பிகளுக்கிடையே காற்று இடைவெளி விடும் வித்தையை 14 நானோமீட்டர் தலைமுறையில் இரண்டு அடுக்குகளில் இன்டெல் கையாண்டது. சூனியத்தைவிடச் சிறந்த காப்புப் பொருள் கிடையாது. அந்த எல்லையைத் தொட்டுவிட்ட பிறகு தேடுவதற்கு வேறு பொருளும் இல்லை.

பொருள் முடிந்த இடத்தில் அமைப்பு

மிஞ்சுவது அமைப்பு ஒன்றே. கம்பி நீளமாயிருப்பதுதான் குற்றமென்றால் அதை நறுக்கிவிடலாம். பத்து மில்லிமீட்டர் கம்பியை ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் வெட்டி, சமிக்ஞையைப் புதிதாக்கி முன்னே தள்ளும் சிறு பெருக்கியை ஒவ்வொரு வெட்டிலும் வைத்தால், வர்க்க விதி முறிந்து தாமதம் நீளத்துக்கு நேர்விகிதமாகிறது. 7,500 பிக்கோநொடி ஆயிரத்துக்குப் பக்கமாக இறங்கிவிடும். இந்தச் சலுகை சும்மா கிடைப்பதன்று. ஒவ்வொரு பெருக்கியும் இடத்தையும் மின்சாரத்தையும் தின்னும், சூட்டையும் கக்கும்.

கம்பியைக் குட்டையாக்கும் கலையின் ஆசான் என்று சீமோர் கிரேயைச் சொல்லவேண்டும். 1976-இல் அவர் செய்த கிரே-1 என்னும் மகா கணிப்பொறி குதிரைலாட வடிவில் நின்றது அழகுக்காக அன்று. வளைவின் உட்புறத்தில் ஓடும் கம்பிகள் நாலு அடிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக. அவ்வளவு கம்பிகளையும் தொழிலாளப் பெண்கள் கையால் இணைத்தார்கள். அந்த யந்திரத்தில் நாலடிக்காகச் செய்த யோசனையைத்தான் இன்றைய வடிவமைப்பாளர் மில்லிமீட்டருக்காகச் செய்கிறார்.

நீளம் ஒரு சங்கடமென்றால் சிக்கல் மற்றொன்று. ஒவ்வோர் உறுப்பும் மற்ற ஒவ்வொன்றோடும் தனிக்கம்பியால் பேசவேண்டுமென்றால், பத்து உறுப்புகளுக்கு 45 கம்பித் தொகுதிகள் போதும். நூறு உறுப்புகளுக்கு 4,950 வேண்டும். நாய்ஸின் ஒற்றை அடுக்கு இன்று பதினைந்தையும் தாண்டிய மாடிக் கட்டடமாக வளர்ந்தும் இடம் போதவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வில்லியம் டாலியும் பிரையன் டவுல்ஸும் 2001-இல் சொன்ன உபாயம், தனிக்கம்பிகளைக் கைவிட்டுச் சில்லுக்குள்ளேயே ஒரு பொதுப் பாதை வலையை அமைத்து, செய்திகளைச் சிறு பொட்டலங்களாக்கி, சந்திக்குச் சந்தி முகவரி பார்த்து அனுப்புவதாகும். ஒழுங்காக அமைந்த குட்டைக் கம்பிகளால் ஆன வலை என்பதால் ஒவ்வொன்றின் தாமதமும் முன்கூட்டியே தெரியும். கம்பிகள் பகிர்ந்துகொள்ளப்படுவதால் எண்ணிக்கையும் குறையும். சந்திகளில் நெரிசல் உண்டாகும் என்பது உண்மை. ஆனால் நெரிசலை ஒழுங்குபடுத்த வழியுண்டு, ஓமின் விதியோடு வாதாட முடியாது. பல மையங்கள் கொண்ட இன்றைய சில்லுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த உபாயத்தின் வாரிசுகளே.

அடுத்தது மேல்நோக்கிய வழி. பத்து மில்லிமீட்டர் குறுக்கே போவதற்குப் பதில், ஒரு சில்லின்மேல் இன்னொன்றை ஏற்றினால் சில மைக்ரோமீட்டர் செங்குத்துத் துளையில் வேலை முடிந்துவிடும். சரஸ்வத்தும் அவருடைய சகாக்களும் 2001-இல் இதன் அனுகூலங்களை விரிவாகக் கணக்கிட்டார்கள். 2022-இல் ஏஎம்டி கம்பெனி நினைவகத்தைச் செயலியின் தலைமேல் ஏற்றிய சில்லைக் கடைக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் வழங்கும் தடித்த கம்பிகளையும் சமிக்ஞைக் கம்பிகளையும் ஒரே பக்கத்தில் நெருக்காமல், முன்னவற்றைச் சிலிக்கனின் முதுகுப்புறத்துக்கு மாற்றிவிடுகிற முறையை இன்டெல் தன் 18ஏ தலைமுறையில் அமல் செய்திருக்கிறது. அறுபது ஆண்டுகளாகச் சும்மா கிடந்த ஒரு பக்கம் இருக்கிறதென்பது இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது!

நம் பக்கத்து நிலை என்ன? சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடியின் வழிகாட்டுதலில் உருவான ‘சக்தி’ செயலிக் குடும்பத்தின் ஒரு சில்லு 2018-இல் அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், அடுத்த ஒன்று அதே ஆண்டு சண்டிகருக்குப் பக்கத்திலுள்ள அரசுக் குறைக்கடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் உருப்பெற்றன. விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவும் ஐஐடியும் சேர்ந்து சமைத்த ‘ஐரிஸ்’ சில்லும் 2025 பிப்ரவரியில் அதே சண்டிகர் ஆலையிலிருந்து வந்ததே. 180 நானோமீட்டரைப் பழமையென்று ஏளனம் செய்வோர் உண்டு. அகலமான கம்பியில் எலெக்ட்ரான் சுவரில் முட்டுவதில்லை என்பதையும், கம்பித் தாமதத்தைக் கற்பதற்கு அதைவிடச் சாந்தமான பள்ளிக்கூடம் இல்லை என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சேலத்தில் 1966 முதல் இயங்கும் அரசுப் பொறியியல் கல்லூரியிலிருந்து திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் பிற்காலத்தில் எழுந்த தனியார் கல்லூரிகள் வரையில், ஆண்டுதோறும் மின்னணுவியல் பயிலும் மாணவர் கூட்டம் சிறிதன்று. அவர்களிற் பலர் ஓமலூர், தர்மபுரி வழியாகப் பெங்களூருக்குப் போய், சில்லுகளின் கம்பிகளை அமைக்கும் வேலையிலேயே அமர்கிறார்கள். ஆனால் பாடசாலையில் அவர்கள் பயில்வது பெரும்பாலும் தர்க்கக் கதவுகளின் அட்டவணைகளை. கம்பி என்பது படத்தில் இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் கோடு, அதற்கு நேரமும் இல்லை, தடையும் இல்லை. சில்லு வடிவமைப்புக்கெனத் தனிப் பட்டப்படிப்புக்கான பாடத்திட்டத்தை 2023-இல் தொழில்நுட்பக் கல்வி மன்றம் வகுத்துத் தந்த பிறகும் இந்தக் குறை தானாகத் தீர்ந்துவிடுமென்று நான் நம்பவில்லை.

பணம் இல்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது. 85,000 பொறியாளர்களைத் தயார்செய்யும் நோக்கத்தோடு 2022-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் விலையுயர்ந்த மென்பொருள்கள் கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. மாணவர் வரைந்த சில்லைச் சண்டிகரில் வார்த்துக்கொள்ளவும் வழியுண்டு. அதுவும் எட்டாதவர்களுக்கு, ஸ்கைவாட்டர் என்னும் அமெரிக்க ஆலை கூகுளோடு சேர்ந்து 2020-இல் தன் 130 நானோமீட்டர் செய்முறை விவரங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஐந்து அலுமினிய அடுக்குகளும் அவற்றின் தடையும் தேக்கமும் அதில் எண்களாகக் கிடைக்கின்றன. ஓப்பன்ரோடு என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கணிப்பொறியிலேயே அந்தக் கம்பிகளை ஓட்டிக் காட்டும்.

ஆகையால் இப்பிரதேசத்துக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பருவத்தின் ஆய்வுக்கூட வகுப்பில் மாணவரை முதல் அடுக்கு அலுமினியத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு, நான்கு என்று மூன்று கம்பிகளை வரையச் சொல்லி, தாமதம் ஏறத்தாழ நான்கு நான்கு மடங்காக ஏறுவதை அவர்கள் கண்ணாலேயே காணச் செய்யுங்கள். பிறகு நடுவில் பெருக்கிகளை வைத்து அதை இறக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டில் சில்லு வரைந்து கொண்டுவரும் மாணவனிடம், எத்தனை டிரான்சிஸ்டர் என்று கேட்பதற்கு முன், உன் சில்லில் மிக நீளமான கம்பி எது, அதில் சமிக்ஞை போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள்.